கரி தேய்ந்த கதை

தொழில் வரலாறு எழுதுவோர் பெரும்பாலும் புதியன படைத்தோரையே போற்றுவர். படைத்தது பழுதானபோது அதனைப் பிரித்து, துடைத்து, மீண்டும் இயங்கச் செய்தோருக்கு அவ்வரலாற்றில் ஓர் அடிக்குறிப்பளவு இடங்கூடக் கிடைப்பதில்லை. இக்குறையை எண்ணிப் பார்ப்பதற்கு ஏற்ற கருவியொன்று நம் இல்லங்களிலேயே உள்ளது. மக்கள் வழக்கில் டிரில் எனப்படும் மின்சாரத் துளைப்பொறியே அது.

1889-ஆம் ஆண்டு ஆகஸ்டுத் திங்களில் ஆஸ்திரேலியாவின் மெல்பர்ன் நகரில் ஆர்தர் ஜேம்ஸ் ஆர்னட், வில்லியம் பிளான்ச் பிரெய்ன் என்னும் இருவர் மின்சாரத் துளைப்பொறிக்குக் காப்புரிமை பெற்றனர். பாறையைக் குடையவும் நிலக்கரி தோண்டவும் எண்ணப்பட்ட அப்பெரும்பொறியைக் கையில் ஏந்துதல் இயலாது. 1895-இல் ஜெர்மனியின் ஸ்டுட்கார்ட் நகரத்து ஃபைன் நிறுவனத்தார் கையில் ஏந்தத்தக்க முதல் துளைப்பொறியைச் செய்தனர். ஏந்தத்தக்கது என்றேனே தவிர எளிதில் ஏந்தத்தக்கது என்றேனல்லேன். ஏறத்தாழ ஏழரைக் கிலோகிராம் எடையுள்ள அதனை இரு கைகளாலும் பற்றி, மார்பை அணைகொடுத்து அழுத்தவேண்டியிருந்தது.

அமெரிக்காவின் பால்டிமோர் நகரில் 1910-இல் டங்கன் பிளாக், அலான்சோ டெக்கர் என்னும் இரு நண்பர்கள் 1,200 டாலர் முதலுடன் ஒரு பட்டறை தொடங்கினர். தம் பங்கைத் திரட்டப் பிளாக் தம் மோட்டார் காரையே விற்றார் என்பர். கைத்துப்பாக்கியின் பிடியும் விசையும் அமைந்த துளைப்பொறிக்கு அவர்கள் 1917-இல் காப்புரிமை பெற்றனர். உயிரைப் போக்கப் பிறந்த வடிவம் சுவரில் துளையிடப் பயன்பட்டது வரலாற்றின் வேடிக்கைகளுள் ஒன்று. இரண்டாம் உலகப் போரின்போது தளவாடத் தொழிற்சாலைகளின் தொழிலாளர் இப்பொறிகளை வீட்டு வேலைக்கெனக் கொண்டுசென்றதை நிறுவனத்தார் கவனித்தனராம். 1946-இல் வீட்டுக்கென்றே மலிவான பொறிகள் கடைக்கு வந்தன.

நம் பகுதியில் இக்கருவி இல்லம் புகுந்தமைக்கு வேறொரு காரணமும் உண்டு. பலகை வீட்டில் ஆணியடிக்கச் சுத்தியல் போதும். 1960-இல் சிங்கப்பூரில் வீடமைப்பு வளர்ச்சிக் கழகம் தோன்றி, மக்கள் அடுக்குமாடிகளுக்குக் குடிபெயர்ந்தபின், கற்காரைச் சுவர் சுத்தியலுக்கு மசியவில்லை. சாமி படம் மாட்டவும் திரைச்சீலைக் கம்பி பொருத்தவும் துளைப்பொறி வேண்டியதாயிற்று. மலேசிய அடுக்குமாடிகளிலும் இதே கதைதான். அவ்வாறு துளையிடும்போது எழும் நுண்தூள், பொறியின் காற்றுத்துளை வழியே உள்ளே புகுந்து உராயும் உறுப்புகளை அரிக்கிறது. அவ்வுறுப்புகளுள் தலையாயது ஒரு சிறு கரிக்கட்டி.

பொறியின் உள்ளே கம்பி சுற்றிய ஆர்மேச்சர் சுழல்கிறது. அதன் ஒரு முனையில் செப்புத் துண்டுகளை அடுக்கிய கம்யூட்டேட்டர் உள்ளது. நிமிடத்திற்குப் பல்லாயிரம் முறை சுழலும் அச்செப்பு உருளைக்கு மின்னோட்டத்தை இடையறாது செலுத்துவது எங்ஙனம்? தொடக்ககால மின்னாக்கிகளில் செப்புக் கம்பிகளைத் துடைப்பம்போல் கட்டி உரசவிட்டனர். பிரஷ் என்னும் பெயர் அதனால் வந்ததே. செப்பைச் செப்பு தின்றது, தீப்பொறியும் பறந்தது. ஸ்காட்லாந்துக்காரரான ஜார்ஜ் ஃபோர்ப்ஸ் 1885-இல் செப்புக்கு மாற்றாகக் கரியைக் கொள்ளும் முறைக்குக் காப்புரிமை பெற்றார். 1888-இல் சார்ல்ஸ் வான் டெப்போல் அமெரிக்காவில் டிராம் வண்டி மோட்டார்களில் அதனைப் புகுத்தி வெற்றி கண்டார். துடைப்பம் போய்க் கட்டியான பின்னரும் பெயர் மட்டும் நிலைத்துவிட்டது. இன்றும் கடையில் கார்பன் பிரஷ் என்று கேட்டால்தான் கொடுப்பார்கள்.

கரி மென்மையானது. தான் தேய்ந்து செப்பைக் காக்கிறது. விலை குறைந்த உறுப்பு அழிந்து விலை மிகுந்த உறுப்பைப் பிழைக்கவைக்கும் ஏற்பாடு இது. ஆகவே கரி தேய்தல் பழுதன்று, பொறியமைத்தோர் முன்னரே எண்ணிவைத்த செலவு. சில கரிகளின் உள்ளே மின் கடத்தாத சிறு முளையொன்றை வில்லோடு புதைத்திருப்பர். கரி குறிப்பிட்ட அளவு தேய்ந்ததும் அம்முளை வெளிப்பட்டுக் கரியைச் செப்பிலிருந்து விலக்கிவிடும். நன்றாக ஓடிக்கொண்டிருந்த பொறி சட்டென நின்றுவிடும். ஆர்மேச்சரைக் காக்கவென அமைந்த இந்நிறுத்தத்தைச் சாவென்று கருதிக் குப்பைக்கு அனுப்பப்படும் பொறியைவிட இரங்கத்தக்கது வேறில்லை. உரியவர் புதியதொன்றை வாங்க ஓடுவார். வேண்டியதோ விரல்நுனி அளவான இரண்டு கரிகள்.

பழுதை நோக்குமுன் மின்செருகியைப் பிடுங்கிவிடவேண்டும். விசையை விடுத்தால் மட்டும் போதாது. நம் நாடுகளின் மும்முனைச் செருகியினுள் ஃபியூஸ் ஒன்றுண்டு. அது எரிந்திருப்பின் பொறியைத் தொடவே தேவையில்லை. கைப்பிடிக்குள் நுழையும் இடத்தில் மின்கம்பி மடிந்து மடிந்து உள்ளே அறுந்திருத்தலும் உண்டு. இவையிரண்டும் செம்மையாயிருந்து, பொறி விட்டுவிட்டு இயங்குமாயின், அல்லது ஒரு தட்டுத் தட்டினால் மட்டும் ஓடுமாயின், ஐயம் கரியின்மீது விழவேண்டும். பல பொறிகளில் மோட்டாரின் இருபுறமும் காசளவான கறுப்பு மூடிகள் காணப்படும். திருப்புளியால் அவற்றைத் திருகினால் கரி வில்லோடு வெளிவரும். ஒன்றே தேய்ந்திருப்பினும் இரண்டையும் சேர்த்து மாற்றுதலே முறை. புதியது தன் கூட்டில் தடையின்றி வழுக்கிச் செல்லவேண்டும்; பழைய தூள் அடைத்திருப்பின் துடைத்தெடுக்க வேண்டும். பின்னர்ச் சில நிமிடம் சுமையின்றி ஓடவிட்டால் கரியின் முகம் செப்பின் வளைவுக்கு இசைந்து அமரும். அதன்பின்னும் கம்யூட்டேட்டரைச் சுற்றித் தீவளையம் தோன்றி எரிந்த வாடை வீசுமாயின், ஆர்மேச்சரே கெட்டதென அறியலாம். அங்கே வீட்டு வைத்தியம் செல்லாது.

அம்மூடி வெளியே அமைவதா, உடலுக்குள் மறைவதா என்பது சிறு செய்தியன்று. உடைமையாளனை நம்புகிறோமா என்னும் வினாவுக்கு உற்பத்தியாளர் தரும் விடை அதில் உள்ளது. ஜப்பானின் மகிதா நிறுவனம் 1915-இல் நகோயா நகரில் மோட்டார் முதலியவற்றைப் பழுதுபார்த்து விற்கும் கடையாகத் தொடங்கியது. 1958-இல்தான் மின்சார இழைப்புளி செய்து கைக்கருவி உற்பத்தியில் இறங்கியது. ஹிட்டாச்சியோ 1910-இல் ஒரு சுரங்கத்தின் மின்கருவிப் பழுதுபார்க்கும் பட்டறையில் பிறந்தது. சுரங்கத்தின் பொறிகளைச் சீர்செய்துவந்த நமிஹெய் ஒதைராவும் அவர்தம் தோழர்களும் அவ்வாண்டிலேயே ஐந்து குதிரைத்திறன் மோட்டாரைத் தாமே செய்தனர். பிறர் செய்ததைப் பிரித்துப் பார்த்தே செய்முறை கற்றவர்கள் அவர்கள். இவ்விரு பெயர்களைத் தாங்கிய பழைய பொறிகளின் விலாவில் அக்கறுப்பு மூடிகளைக் காணும்போது அப்பட்டறைகளின் நினைவு எழுகிறது.

மலிவான பொறிகள் பலவற்றில் இன்று உடலையே இரண்டாகப் பிளந்தாலன்றிக் கரியை எட்ட முடியாது. மின்கலத்தால் இயங்கும் புதியவை பலவற்றில் கரியே இல்லை. மின்னணுப் பலகையே அதன் பணியைச் செய்கிறது. தேய்வும் தூளும் ஒழிந்தமை உண்மையான நலமே. ஆனால் அப்பலகை கெட்டால் திருப்புளியோடு நிற்பவனுக்கு அங்கே வேலையில்லை. ஐரோப்பிய ஒன்றியம் 2024-இல் பழுதுபார்க்கும் உரிமைக்கு ஒரு நெறிமுறையை ஏற்றது. துணி துவைக்கும் பொறி, குளிர்பதனப் பெட்டி, தூசுறிஞ்சி, கைத்தொலைபேசி ஆகியன அதன் பட்டியலில் இடம்பெற்றன, துளைப்பொறி இடம்பெறவில்லை.

சிங்கப்பூரில் பழம்பொருள்கள் கைமாறிய சுங்கை ரோடு சந்தை 2017 ஜூலை 10-ஆம் நாளோடு மூடப்பட்டது. அதற்கு மூன்றாண்டுகள் முன்னரே, 2014-இல், ரிப்பேர் கோப்பித்தியாம் என்னும் தன்னார்வ முயற்சி அங்கே தொடங்கியிருந்தது. பழுதான வீட்டுப் பொருளைக் கொண்டுவருவோரை அருகில் அமர்த்திச் செய்முறை சொல்லித் தருவர். கொடுத்துவிட்டுப் போய்ப் பிறகு வந்து வாங்கிக்கொள்ளும் கடையன்று அது. திருப்புளியைப் பொருளுக்கு உரியவரே பிடிக்கவேண்டும்.