மக்காவுக்கு இரண்டு, துபாய்க்கு பூஜ்யம்

தேராவிலிருந்து பேசுகிறேன். ஆண்டுதோறும் மே 28-ஐயும் ஜூலை 16-ஐயும் ஒட்டி, மக்காவில் நண்பகல் சூரியன் கஅபாவுக்கு நேர்மேலே நிற்கிறது. நம் கடிகாரத்தில் பகல் 1:18, 1:27. அந்த நிமிடம் இங்கே ஒரு குச்சியை நட்டுவையுங்கள். நிழல் விழுவதற்கு நேரெதிர்த் திசைதான் கிப்லா. 13ஆம் நூற்றாண்டிலேயே நசீருத்தீன் தூசி இதை எழுதிவைத்தார்: சூரியன் மிதுனத்தின் 8ஆம் பாகையிலும் கடகத்தின் 23ஆம் பாகையிலும் இருக்கும்போது. (நம் பஞ்சாங்க ராசிக்கணக்கு வேறு.)

ஏன் இரண்டு நாள்? ஊரின் அட்சரேகையின் சைனை 23.4 பாகையின் சைனால் வகுக்க வேண்டும். மார்ச் சமநாளிலிருந்து சூரியன் கடந்த கோணத்தின் சைன் அதற்குச் சமமாகும் நாள்தான் விடை. இந்தச் சைன், ஆரியபட்டரின் 'ஜ்யா'. அரபியில் 'ஜீபா' ஆகி, பிறகு 'ஜைப்' என்று வாசிக்கப்பட்டது. அதற்கு ஆடையின் மடிப்பு என்று பொருள். லத்தீனில் அதையே 'சைனஸ்' என்று பெயர்த்தார்கள். நம் சட்டை ஜேபியும், மருத்துவமனையில் நாங்கள் சொல்லும் மூக்குச் சைனஸும் இந்த உறவுக்காரர்கள்தாம்.

மக்காவுக்கு அந்த எண் 0.92. கால்குலேட்டர் 67 பாகை என்று சொல்லி நிறுத்திவிடும். 180-இல் அதைக் கழித்தால் 113. பிள்ளைகள் பரீட்சையில் விடுவது இதைத்தான். தூசி விட்டிருந்தால் ஜூலை போயிருக்கும். 0 முதல் 360 வரை, அதாவது ஓர் ஆண்டுக்குள், வேறு விடை கிடையாது. சென்னைக்கும் இரண்டு: ஏப்ரல் 24, ஆகஸ்ட் 18 வாக்கில்.

துபாய்க்கு 1.07 வருகிறது. சைன் ஒன்றைத் தாண்டாது. இங்கே சூரியன் ஒருநாளும் உச்சந்தலைக்கு நேரே வருவதில்லை. ஜூலையில் சாரத்தில் நிற்கிறவரிடம் சொன்னால் சிரிப்பார்.