இராயபுரத்தில் ஒரு காலை



சேலத்திலிருந்து நாமக்கல் செல்லும் பெருவழியில் உள்ளது எங்கள் ஊர். அதன் பெயர் புதுச்சத்திரம். வழிப்போக்கர் இளைப்பாறும் இடத்தைச் சத்திரம் என்பது நம் முன்னோர் வழக்கு. அத்தகைய பெயர் கொண்ட ஊரினனாகிய நான், பயணிகளுக்கென எழுந்த ஒரு பழம்பெரும் கட்டடத்தைக் காண அறுபது வயதைக் கடக்க வேண்டியிருந்தது. அதுவே சென்னை இராயபுரம் புகைவண்டி நிலையம்.

நெடுங்காலம் வரலாறு கற்பித்தவன் நான். "இந்தியாவில் முதல் பயணிகள் வண்டி எங்கே ஓடியது?" என்று வகுப்பில் கேட்பேன். "1853-இல், பம்பாயிலிருந்து தாணாவுக்கு" என்று பிள்ளைகள் ஒரே குரலில் கூறுவர். "சரி" என்று அடுத்த வினாவுக்குச் செல்வேன். சேலத்தில் வண்டியேறிச் சென்னை சென்டிரலில் எத்தனையோ முறை இறங்கியிருக்கிறேன். எங்களைச் சுமந்து வந்த அந்த இருப்புப்பாதை எங்கே தொடங்கியது என்று நானும் எண்ணவில்லை; மாணவரையும் எண்ணச் செய்யவில்லை. அக்குறையைத் தீர்க்கவே, ஓய்வு பெற்றபின் ஒரு நாள் காலை, சென்னைக் கடற்கரை நிலையத்தில் புறநகர் வண்டியேறி, வடக்கே அடுத்த நிலையமாகிய இராயபுரத்தில் இறங்கினேன்.

உயர்ந்த தூண்களுடன் நீண்டு நிற்கிறது அக்கட்டடம். 1856-ஆம் ஆண்டு ஜூன் 28-ஆம் நாள், அந்நாளைய ஆளுநர் ஹாரிஸ் பிரபு இதனைத் திறந்து வைத்தார். ஜூலை 1-ஆம் நாள் இங்கிருந்து ஆர்க்காட்டை அடுத்த வாலாஜா ரோடு வரை, ஏறத்தாழ 100 கிலோமீட்டர் தொலைவுக்கு, வண்டிப் போக்குவரத்துத் தொடங்கியது. தென்னாட்டில் பயணிகள் இரயில் பிறந்தது இவ்வாறுதான்.

இந்த இடத்தை ஏன் தேர்ந்தனர்? கோட்டையும் வணிகர் தெருக்களும் அருகில் இருந்தன. கடலும் அருகில் இருந்தது. சென்னைக்கு அன்று செயற்கைத் துறைமுகம் இல்லை. கப்பல்கள் கடலில் நிற்க, மசூலாப் படகுகளே சரக்கை ஏற்றி இறக்கின. உள்நாட்டுப் பருத்தி கரைக்கு வரவேண்டும். சீமைத் துணி உள்நாட்டுக்குச் செல்லவேண்டும். படைகள் விரைந்து நகரவேண்டும். ஆட்சியாளர் கணக்கில் முந்தி நின்றவை இவையே. ஆயினும் மூன்றாம் வகுப்புப் பெட்டிகளில் நெருக்கியடித்து ஏறிய எளிய மக்கள், பிறர் நலனுக்காக இடப்பட்ட பாதையைத் தமதாக்கிக் கொண்டனர்.

அப்பாதை மேற்கே வளர்ந்தது. ஜோலார்பேட்டை, சேலம், ஈரோடு, போத்தனூர் வழியாகச் சென்று 1862-இல் மேலைக் கடற்கரையில் பேப்பூரை அடைந்தது. எங்கள் நாமக்கல்லுக்கோ, சேலம்–கரூர்ப் பாதை வழியே 2013-இல்தான் இரயில் வந்தது.

1873-இல் சென்டிரல் நிலையம் திறக்கப்பட்டது. இராயபுரத்தின் முதன்மை சிறுகச் சிறுக அங்கே சென்றது. ஆனால் ஒரு பெருமை இங்கேயே தங்கிற்று. பம்பாயின் முதல் நிலையம் இருந்த இடத்தில் பின்னர் விக்டோரியா டெர்மினஸ் எழுந்தது. ஹௌராவின் முதல் நிலையமும் இன்று இல்லை. இராயபுரமோ நிற்கிறது. நாட்டில் எஞ்சியுள்ள நிலையக் கட்டடங்களுள் மிகப் பழமையானதென இது போற்றப்படுகிறது. பல்லாண்டுகள் கவனிப்பாரற்றுக் கிடந்து, 2005-இல் செப்பனிடப்பட்டது.

தூண்களை அண்ணாந்து பார்த்துக்கொண்டிருந்த என்னிடம் ஓர் இளைஞர் வந்து, "ஐயா, யாரைத் தேடுகிறீர்கள்?" என்றார்.

"யாரையும் இல்லை, தம்பி. இந்தக் கட்டடத்தைப் பார்க்க வந்தேன்."

"நாள்தோறும் இங்கேதான் வண்டியேறுகிறேன். இதில் பார்க்க என்ன இருக்கிறது, ஐயா?"

அவரைக் குறைகூற எனக்கு வாயில்லை. இத்தனை ஆண்டுகள் நானும் அவரைப் போன்றவன்தானே! 1856-ஆம் ஆண்டுக் கதையைச் சொல்லத் தொடங்கினேன். இடையில் அவர் ஏறவேண்டிய வண்டி வந்தது. "அடுத்த வண்டியில் போகிறேன், நீங்கள் சொல்லுங்கள்" என்று நின்றுவிட்டார்.

மாணவர்களே! பழைய கட்டடம் வேலியினால் மட்டும் பிழைப்பதில்லை. அதன் கதை அறிந்தவர் இருக்கும்வரையில்தான் பிழைக்கும். அடுத்த முறை எந்த நிலையத்தில் நின்றாலும், இது எப்போது எழுந்தது, யாருக்காக எழுந்தது என்று கேளுங்கள். நான் வகுப்பில் கேட்கத் தவறிய வினாக்கள் அவை.