தஞ்சையிலிருந்து சிங்கைக்கு வந்த லாவணி மெட்டு



சென்ற ஆண்டுப் பள்ளி விடுமுறையில் நம் மாணவர்களைச் சிங்கப்பூருக்கு அழைத்துச் சென்றது உங்களுக்கு நினைவிருக்கும். ஜொகூர் பாலத்தைத் தாண்டி, சிராங்கூன் சாலைக் கடைகளையும் வீரமாகாளியம்மன் கோயிலையும் பார்த்துவிட்டு, சாப்பிடுவதற்காகப் பின்பக்கத் தெருவுக்குப் போனோம். அங்கிருந்த பெயர்ப் பலகையை ஐந்தாம் ஆண்டு மாணவன் ஒருவன் எழுத்துக் கூட்டிப் படித்தான். 'ரேஸ் கோர்ஸ் ரோடு' என்றிருந்தது. "சார், குதிரைப் பந்தய ரோடுன்னு போட்டிருக்கு, ஒரு குதிரையைக்கூடக் காணோமே?" என்று கேட்டான்.

எல்லாரும் சிரித்துவிட்டார்கள். ஆனால் அது நல்ல கேள்வி. அவனுக்கு நான் சொன்ன பதிலைத்தான் இங்கே கொஞ்சம் விரித்து எழுதுகிறேன்.

அந்தத் தெருவுக்குப் பக்கத்தில் ஒரு காலத்தில் உண்மையாகவே குதிரைகள் ஓடின. 1842ஆம் ஆண்டில் வெள்ளைக்காரர்கள் அங்கே பந்தயக் கழகம் ஒன்றைத் தொடங்கினார்கள். 1843ஆம் ஆண்டில் முதல் பந்தயம் நடந்தது. இன்று ஃபாரர் பார்க் என்று சொல்கிறோமே, அந்த இடந்தான். 1933ஆம் ஆண்டில் பந்தயத் திடல் புக்கித் தீமாவுக்கும், 1999இல் கிராஞ்சிக்கும் மாறியது. 2024ஆம் ஆண்டு அக்டோபர் 5ஆம் நாள் கடைசிப் பந்தயமும் ஓடி முடிந்தது. இப்போது சிங்கப்பூரில் குதிரைப் பந்தயமே கிடையாது. தெருவின் பெயர் மட்டும் நிற்கிறது.

பெயர் மட்டுந்தானா? இல்லை. ஒரு தமிழ்ப் பாட்டும் நிற்கிறது! 1893ஆம் ஆண்டில் ரங்கசாமி தாசன் என்னும் புலவர் 'அதிவினோதக் குதிரைப் பந்தய லாவணி' என்ற நூலைச் சிங்கப்பூரில் வெளியிட்டார். பந்தயத்தையும், அதைப் பார்க்கத் திரண்டு வந்த பல இனத்து மக்களையும் பாடும் நூல் அது. அந்நாளிலேயே சிங்கப்பூரில் தமிழ் அச்சுக்கூடம் இருந்தது. 1887ஆம் ஆண்டில் மகுதூம் சாயபு 'சிங்கை நேசன்' பத்திரிகையைத் தொடங்கினார். அதே ஆண்டில் யாழ்ப்பாணத்துச் சதாசிவ பண்டிதர் 'சிங்கை நகர் அந்தாதி'யை வெளியிட்டார். அந்தாதி படித்த புலவர்களின் பாட்டு. லாவணியோ தெருவில், திடலில், திருவிழாப் பந்தலில் பாமர மக்கள் கேட்டு மகிழும் பாட்டு. அந்த மெட்டையே எடுத்துச் சிராங்கூன் சாலைக் குதிரைகளைப் பாடினார் ரங்கசாமி தாசன்.

சரி, இந்த லாவணி எங்கிருந்து வந்தது? கும்மி தெரியும், கோலாட்டம் தெரியும், காவடிச் சிந்து தெரியும். லாவணி என்றால் நம் பிள்ளைகளில் பலருக்குத் தெரியாது.

அதன் பிறந்த வீடு தமிழ்நாடு அல்ல, மராட்டிய நாடு. அங்கே அது ஆட்டப் பாட்டு. டோல்கி என்னும் மேளத்தின் துள்ளலான அடிக்கு, சலங்கை கட்டிய பெண்கள் பாடி ஆடுவார்கள். பேஷ்வாக்கள் ஆண்ட காலத்தில் ராம் ஜோஷி (1762-1812) போன்ற கவிஞர்கள் லாவணிகளை எழுதிப் பெயர் பெற்றார்கள். அங்கே இன்னொரு வழக்கமும் இருந்தது. கல்கி, துரா என்று இரண்டு கட்சிகளாகப் பிரிந்து, ஒரு கட்சி சக்தியே பெரிது என்றும், மறு கட்சி சிவமே பெரிது என்றும் விடிய விடிய எதிர்ப்பாட்டுப் பாடும்.

அந்த மெட்டு நம்மிடம் வந்த கதையைக் கேளுங்கள். மராட்டிய வீரர் சிவாஜியின் தம்பி ஏகோஜி, 1676ஆம் ஆண்டளவில் தஞ்சாவூரில் ஆட்சியை அமைத்தார். 1855ஆம் ஆண்டில் வெள்ளைக்காரர் எடுத்துக்கொள்ளும் வரை அந்த வம்சம் தஞ்சையில் இருந்தது. ஏறக்குறைய 180 ஆண்டுகள்! அரசரோடு படை வந்தது, பாஷை வந்தது, பாட்டும் வந்தது. அரண்மனையிலிருந்து தெருவுக்கு இறங்கிய லாவணி தமிழ் பேசத் தொடங்கியது.

வந்த இடத்தில் அது உருமாறியது. சலங்கையாட்டம் பின்னுக்குப் போய், வாதம் முன்னுக்கு வந்தது. மாசி மாதம் காமன் பண்டிகையின்போது இரண்டு கட்சியார் எதிரெதிரே உட்காருவார்கள். சிவபெருமான் நெற்றிக்கண்ணைத் திறந்ததும் மன்மதன் எரிந்து போனான் என்பது 'எரிந்த கட்சி'. அவன் எரியவே இல்லை என்பது 'எரியாத கட்சி'. ஒரு பக்கம் தோல் கட்டிய வட்டமான டேப்பு ஒருவர் கையில். ஒற்றைத் தந்தியுள்ள துந்தினா இன்னொருவர் கையில். கேள்வியைப் பாட்டிலே போடவேண்டும், பதிலும் பாட்டிலேயே வரவேண்டும். பதில் வராவிட்டால் தோல்வி! பள்ளிக்கூட வாசலை மிதிக்காதவர்களும் புராணத்தைக் கரைத்துக் குடித்திருந்தார்கள் என்றால், இப்படிப்பட்ட பாட்டுக் கச்சேரிகள்தான் அவர்களுக்குப் பள்ளிக்கூடம்.

தஞ்சை, திருச்சி வட்டாரத்து மக்கள் நாகப்பட்டினத்தில் கப்பலேறி இந்தப் பக்கம் வந்தார்கள். தகரப் பெட்டியில் வேட்டி, சேலை கொண்டுவந்தவர்கள் வாயிலே மெட்டுகளைக் கொண்டுவந்தார்கள். பெட்டியைச் சோதித்த அதிகாரி பாட்டைச் சோதிக்கவில்லை. அதற்குச் சுங்க வரியும் கிடையாது. மராட்டியத்தில் அழகையும் காதலையும் பாடிய மெட்டு, தஞ்சையில் மன்மதன் வழக்கைப் பாடியது, சிங்கப்பூரில் குதிரைப் பந்தயத்தைப் பாடியது. மெட்டு பழசு, சங்கதி புதுசு. போன ஊரைப் பாடியதால்தான் அது போன ஊரிலும் வாழ்ந்தது.

பெற்றோர்களே, இனிமேல் சொல்லப் போவது என் தவறு. நம் தோட்டத்திலும் ஒரு லாவணிக்காரர் இருந்தார். பால்மரக் காலத்தில் பழைய லயத்துக்கு முன்னால் காமன் பண்டிகையில் எரியாத கட்சிக்குப் பாடியவர். நான் பயிற்சிக் கல்லூரி முடித்து இங்கே வந்த புதிதில் அவரே என்னிடம் வந்து, "வாத்தியாரே, இந்தப் பாட்டெல்லாம் எனக்கப்புறம் யாருக்கும் தெரியாது. எழுதி வச்சுக்குங்க" என்றார். "பரீட்சை முடியட்டும் தாத்தா, வந்து எழுதிக்கிறேன்" என்றேன். பரீட்சை முடிந்தது. பிறகு விளையாட்டுப் போட்டி வந்தது, பிறகு விடுமுறை வந்தது. பள்ளி திறந்தபோது தாத்தா இல்லை. அவருடைய டேப்பும் தோல் கிழிந்து கிடந்தது.

ரங்கசாமி தாசனின் பாட்டு அச்சில் ஏறியதால் 130 ஆண்டுகளுக்கு மேலாகியும் அதன் பெயரைச் சொல்கிறோம். தாத்தாவின் பாட்டு அவரோடு போய்விட்டது. தூரம் என்று பார்த்தால் அவர் வீட்டுக்கும் என் வீட்டுக்கும் இடையே இருந்தது ஒரு திடல்தான்.

நல்லவேளை, எல்லாமே போய்விடவில்லை. சிங்கப்பூரிலிருந்து திரும்பிய வாரமே அந்த மாணவனையும் கூட்டிக்கொண்டு தாத்தாவின் மனைவியைப் பார்க்கப் போனேன். "அவரு பாடுறது, நானு என்னத்தக் கண்டேன்?" என்று சொன்ன பாட்டி, அடுப்பில் உலை வைத்துக்கொண்டே இரண்டு அடிகளை முணுமுணுத்தார். மெட்டு அப்படியே இருந்தது! கைப்பேசியில் பதிந்துகொண்டோம். அந்த மெட்டில்தான் இன்று மாலை நம் மாணவர்கள் மேடையில் லாவணி பாடப் போகிறார்கள். 'தோட்டத்து வாழ்வா, பட்டணத்து வாழ்வா?' என்பது வழக்கு. பாட்டு அவர்களே கட்டியது. முன்வரிசையில் பாட்டி உட்கார்ந்திருப்பார்.

மாணவச் செல்வங்களே, இன்று இரவு வீட்டுக்குப் போனதும் உங்கள் ஆயாவிடமோ தாத்தாவிடமோ ஒரு பாட்டுக் கேளுங்கள். தாலாட்டோ, கும்மியோ, நடவுப் பாட்டோ, எதுவானாலும் சரி. யாரிடம் கற்றார்கள், எந்த ஊர், எந்தச் சமயத்தில் பாடுவது என்ற மூன்றையும் நோட்டில் எழுதுங்கள். பெற்றோர்களே, பிள்ளைகள் வந்து கேட்டால் "வேலையைப் பாரு" என்று விரட்டிவிடாதீர்கள். தோட்டத்தை விட்டுக் குடும்பங்கள் ஒவ்வொன்றாகப் பட்டணம் போய்க்கொண்டிருக்கின்றன. போகும்போது அடுப்பு, கட்டில், சாமி படம் எல்லாவற்றையும் லாரியில் ஏற்றுகிறோம். பாட்டையும் மறக்காமல் ஏற்றிக்கொள்வோம்.

பரீட்சை முடியட்டும் என்று மட்டும் காத்திருக்காதீர்கள்.