பிளாக் சப்பாத்தும் விமர்சகர்களும்

ஹெவி மெட்டல் இசை எங்கே தொடங்கியது என்று கேட்டால் பலரும் சொல்லும் பெயர் பிளாக் சப்பாத். இங்கிலாந்தின் பர்மிங்காம் நகரத் தொழிலாளர் குடும்பங்களில் இருந்து வந்த நால்வரின் குழு இது. கிதார் வாசித்த டோனி அயோமி, 17 வயதில் தொழிற்சாலை இயந்திரத்தில் சிக்கி இரண்டு விரல் நுனிகளை இழந்தவர். பிளாஸ்டிக்கை உருக்கி உறை செய்து, அதை விரலில் மாட்டிக்கொண்டு வாசித்தார்.

1970 பிப்ரவரி 13 அன்று முதல் ஆல்பம் வெளியானது. ரோலிங் ஸ்டோன் இதழில் லெஸ்டர் பேங்ஸ், இது கிரீம் குழுவைப் போன்றது, ஆனால் அதைவிட மட்டம் என்று சாடினார். ரசிகர்களோ அதை பிரிட்டன் பட்டியலில் 8-ஆம் இடத்துக்குக் கொண்டு சென்றனர்.

43 ஆண்டுகள் கழித்து, 2013 ஜூனில் '13' வந்தது. 1978-க்குப் பிறகு ஓசி ஆஸ்போர்ன் இக்குழுவுடன் பாடிய முதல் ஸ்டூடியோ ஆல்பம். அயோமி அப்போது புற்றுநோய்க்குச் சிகிச்சை பெற்று வந்தார். இம்முறை விமர்சகர்கள் பெரும்பாலும் வரவேற்றனர். பழைய பாணியையே திரும்ப வாசிக்கிறார்கள், டிரம்மர் பில் வார்டு இல்லை என்ற குறைகளும் எழுந்தன. முதல் ஆல்பம் தொடங்கிய அதே மழை, மணி ஓசையோடுதான் '13' முடிகிறது. அமெரிக்காவில் அக்குழுவுக்கு முதலிடம் கிடைத்தது அதுவே முதல் முறை.

அதுவே கடைசி ஸ்டூடியோ ஆல்பமும் ஆனது. 2025 ஜூலையில் ஓசி மறைந்தார். பேங்ஸ் எழுதியதை இன்று தேடிப் படிப்பவர்களும், அவர் ஒதுக்கிய அந்த ஆல்பத்துக்காகவே படிக்கிறார்கள்.