உப்புநீர் மீன்தொட்டியின் கதை

நம் சிகாமட்டிலிருந்து கடல் தொலைவு. இங்கே கடல் மீன் வளர்க்க முடியுமா என்று பிள்ளைகள் கேட்பதுண்டு.

1853-இல் லண்டன் விலங்குக் காட்சிசாலையில் மீன்காட்சியகம் திறக்கப்பட்டது. தேங்கிய நீரில் மீன்கள் மடிந்தன. மீனின் கழிவில் அம்மோனியா என்னும் நஞ்சு உண்டு. அடிக்கடி கடல்நீர் கொண்டுவருவதோ பெருஞ்செலவு. வில்லியம் ஆல்ஃபோர்ட் லாயிட் என்பவர் வேறு வழி கண்டார். 1871-இல் லண்டன் கிரிஸ்டல் பேலஸில், காட்சித் தொட்டிகளைவிடப் பெரிய இருட்டுத் தொட்டியைக் கீழே கட்டினார். நீராவிப் பம்பு அதே நீரை இரவும் பகலும் சுற்றவிட்டது. கீழே நீர் தெளிந்தது. ஓட்டத்தில் காற்றை ஏந்திக்கொண்டது. சிறிய காரியமன்று இது!

மணலில் ஒட்டி வாழும் நுண்ணுயிர்கள் அம்மோனியாவை நைட்ரைட்டாகவும், பிறகு தீங்கு குறைந்த நைட்ரேட்டாகவும் மாற்றுகின்றன என்பது பின்னர் விளங்கிற்று.

சென்னை மெரினாவில் 1909-இல் மீன்காட்சியகம் வந்தது. நமக்கு அருகே, சிங்கப்பூரில் வான் கிளீஃப் மீன்காட்சியகம் 1955-இல் திறக்கப்பட்டு, 1998-இல் இடிக்கப்பட்டது.

லயத்து வீட்டுச் சிறு தொட்டிக்கு மணலடி வடிகட்டியும் காற்றுப் பம்பும் போதும். சில வாரம் ஓடவிட்டு, பிறகு மீனை விடுங்கள். மணலைக் குழாய்த் தண்ணீரில் கழுவினால் நுண்ணுயிர்கள் அழியும். நீர் வற்றினால் குளோரின் நீங்கிய நல்ல தண்ணீரையே ஊற்றுங்கள், உப்பு ஆவியாவதில்லை.