சீதோஷ்ண மாறுபாடும் பூமியின் வெப்ப ஏற்றமும்

பூமியின் சீதோஷ்ணம் என்றும் ஒரே நிலையில் நின்றதில்லை. சூரியனைச் சுற்றும் பாதையிலும் அச்சின் சாய்விலும் பல்லாயிரம் ஆண்டுகளில் நேரும் மாற்றங்களும், எரிமலைகள் கக்கும் தூசுப்படலமும், சூரிய ஒளியின் ஏற்றத்தாழ்வும், சமுத்திரங்களின் உள்ளியக்கமும் அதனை இடைவிடாது மாற்றி வந்துள்ளன. நிலக்கரியையும் எண்ணெயையும் எரித்து மனிதன் விளைவித்த வெப்பம் இவ்வியற்கைச் சலனத்தோடு கலந்துவிட்ட பிறகு, இரண்டையும் பகுத்தறிவது விஞ்ஞானத்தின் அரும்பணிகளுள் ஒன்றாயிற்று. இயற்கைக் காரணங்களைத் தேடிச் சென்றவர்களின் உழைப்பே மனிதனது பங்கையும் புலப்படுத்த உதவியது.

அத்தேடலில் தமிழ்நாட்டிற்கும் ஓர் இடம் உண்டு. 1876-இல் தொடங்கிச் சென்னை ராஜதானியில் லட்சக்கணக்கானோரை மாய்த்த தாது வருஷப் பஞ்சத்திற்குப் பின்னர், மழை பொய்ப்பதற்கும் ஏறத்தாழ 11 ஆண்டுகளுக்கு ஒருமுறை பெருகிக் குறையும் சூரியப் புள்ளிகளுக்கும் தொடர்பு இருக்கக்கூடும் என்ற எண்ணம் வலுப்பெற்றது. 1899-இல் கொடைக்கானலில் சூரிய ஆராய்ச்சி நிலையம் எழுந்ததற்கு அதுவும் ஒரு காரணம். அங்கே நாள்தோறும் எடுக்கப்பட்ட சூரியப் படங்கள் நூறாண்டைக் கடந்த அரும்பெரும் செல்வமாகும்; எனினும், மழையின் இரகசியம் வேறிடத்தில் இருந்தது. 1904 முதல் 1924 வரை இந்திய வானிலைத் துறையின் தலைவராக இருந்த கில்பர்ட் வாக்கர், உலகெங்கிலுமிருந்து வந்த காற்றழுத்தக் குறிப்புகளைப் பொறுமையாக ஒப்பிட்டு, பசிபிக் சமுத்திரத்தில் அழுத்தம் ஏறுங்கால் இந்து சமுத்திரத்தில் இறங்குவதைக் கண்டு, அதற்குத் தென்னலைவு என்று பெயரிட்டார். பெரு நாட்டுக் கரையோர மீனவர் அறிந்திருந்த எல் நினோ என்னும் கடல்வெப்பமும் இவ்வலைவும் ஒன்றோடொன்று பிணைந்தவை என்பதை 1969-இல் பியர்க்னஸ் விளக்கினார்.

இத்தேடலின் மற்றொரு கிளை இங்கிலாந்திலும் ஸ்வீடனிலும் தோன்றியது. கரியமிலவாயு வெப்பத்தை ஈர்த்துக்கொள்வதை டிண்டால் 1859-இல் பரிசோதனையால் காட்டினார். அவ்வாயு இருமடங்கானால் பூமி 5 அல்லது 6 டிகிரி வெப்பமுறும் என்று அரீனியஸ் 1896-இல் கணித்தார். பூமி உண்மையிலேயே வெப்பமுற்று வருகிறது என்று நீராவிப் பொறியியலாளரான காலண்டர் 1938-இல் கூறியபோது அறிஞர்களுள் பெரும்பாலோர் அதனை ஏற்கவில்லை. 1958-இல் ஹவாய்த் தீவின் மௌனா லோவா மலைமேல் கீலிங் அளக்கத் தொடங்கியபோது பத்து லட்சத்தில் சுமார் 315 பங்காக இருந்த கரியமிலவாயு இன்று 420-ஐத் தாண்டிவிட்டது. இந்த மிகுதி எங்கிருந்து வந்தது என்பதற்கு மரங்களே சாட்சி கூறின: பல கோடி ஆண்டுகள் மண்ணில் புதைந்து கிடந்த நிலக்கரியில் கதிரியக்கக் கார்பன் இராதாகையால், அதன் புகையைச் சுவாசித்து வளர்ந்த பிற்கால மரங்களிலும் அக்கார்பன் குறைந்திருப்பதை 1955-இல் சூஸ் கண்டறிந்தார்.

எஞ்சிய ஐயம் சூரியனைப் பற்றியது. 1978 முதல் செயற்கைக் கோள்கள் அளந்து வந்ததில், சூரிய ஒளி ஆயிரத்தில் ஒரு பங்கே ஏறி இறங்கியதன்றி நிலையாக வளரவில்லை. மேலும், சூரியனே காரணமாயின் வாயுமண்டலம் அடிமுதல் முடிவரை வெப்பமுற வேண்டும். கண்டதோ, கீழ் அடுக்கு வெப்பமுறவும் மேல் அடுக்கு குளிரவும் செய்த காட்சி. மனாபேயும் வெதரால்டும் கரியமிலவாயுவின் விளைவு இதுவே என்று 1967-இலேயே கணக்கிட்டிருந்தனர். எனது கருத்தில், இத்துறையின் சான்றுகளுள் இதற்கு நிகரான தெளிவுடையது வேறொன்றில்லை. சீதோஷ்ண மாறுபாட்டை மதிப்பிடும் பன்னாட்டுக் குழு 1990-இல், கண்ட வெப்பம் இயற்கை மாறுபாட்டின் அளவுக்குள் அடங்கக்கூடும் என்று தயங்கியது; 2021-இல், மனிதனே பூமியை வெப்பமுறச் செய்தான் என்பது ஐயத்திற்கு இடமற்றது என்று அறுதியிட்டது.

இயற்கை அலைவு இன்றும் ஓய்ந்துவிடவில்லை. 1998-ஆம் ஆண்டு வலிய எல் நினோவினால் அதுகாறும் கண்டிராத வெப்பத்தை அடைந்தது. அதற்கு மாறாகக் கடலைக் குளிர்விக்கும் லா நினா நிலவிய 2021, 2022-ஆம் ஆண்டுகளோ அந்த 1998-ஐயும் விஞ்சிய வெப்பமுடையனவாயின.