பிறர் பெயரில் ஓர் எண்: முன்பதிவான சிம் அட்டையும் வாங்குவோர் நிலையும்

வாங்குபவரிடம் அடையாளச் சான்று எதுவும் கேட்காமல், வேறொருவர் பெயரில் ஏற்கெனவே இயக்கி வைத்து விற்கப்படுவது முன்பதிவான சிம் அட்டை. கடைப் பேச்சில் இது 'ஆக்டிவேட் ஆன சிம்'. இந்தியாவில் இந்த விற்பனை குறித்த பொதுநல வழக்கு ஒன்றை உச்ச நீதிமன்றம் 2012இல் விசாரித்தது. அவ்வாண்டே தொலைத்தொடர்புத் துறையும் இதைத் தடைசெய்தது. அப்போது முதல் இச்சிக்கல் பெரும்பாலும் நாட்டுப் பாதுகாப்பு என்ற கோணத்திலேயே பேசப்படுகிறது. காசு கொடுத்து வாங்குபவருக்கு நேரும் இழப்பு போதிய கவனம் பெறவில்லை. அவர் கைக்கு வருவது எண்ணின் பயன்பாடு மட்டுமே. எண்ணின் மீதான உரிமை பதிவேட்டில் உள்ள பெயருக்கே சேரும். ஏனைய ஆபத்துகள் யாவும் இந்தப் பிளவிலிருந்தே கிளைக்கின்றன.

இவ்வட்டைகள் உருவாகும் இடம் பெரும்பாலும் விற்பனை முகவரின் மேசைதான். புதிய இணைப்புக்கு வந்தவரிடம் ரேகை சரியாகப் பதியவில்லை என்று சொல்லி மறுபடி விரல் வைக்கச் செய்து, அவர் அறியாமலே இரண்டாவது இணைப்பை இயக்குவது பலமுறை வெளிப்பட்ட உத்தி. சான்றுகளின் நகலைப் பதுக்கி வைத்துப் பயன்படுத்துவது அதனினும் பழையது. போலிச் சான்றில் பெறப்பட்ட 52 லட்சம் இணைப்புகள் துண்டிக்கப்பட்டதாகவும், 67,000 முகவர்கள் கறுப்புப் பட்டியலில் சேர்க்கப்பட்டதாகவும் ஒன்றிய அரசு 2023 ஆகஸ்டில் அறிவித்தது. முகவர்களைக் காவல்துறை சரிபார்ப்பது அப்போது கட்டாயமாக்கப்பட்டது; 2024 ஜனவரி முதல் இணைப்பு பெறுவதற்கான காகிதப் படிவமும் கைவிடப்பட்டது.

எண் என்பது இன்று பேசுவதற்கு மட்டும் உரியதன்று. வங்கிக் கணக்கு, யுபிஐ, வாட்ஸ்அப், மின்னஞ்சல் மீட்பு என எல்லாவற்றின் திறவுகோலும் அதற்கு வரும் ஓடிபிதான். பதிவுதாரர் நினைத்தால் தம் சான்றைக் காட்டி, அட்டை தொலைந்ததாகச் சொல்லி மாற்று அட்டை பெறலாம். அந்த நொடியில் வாங்கியவரின் கைபேசி செயலிழக்கும். மாற்று அட்டைக்கு முதல் 24 மணி நேரம் குறுஞ்செய்தி வராது என்ற விதி சிறிது அவகாசம் தருமே தவிர, எண்ணைத் திருப்பித் தராது. முறையிடவும் வழியில்லை; நிறுவனத்தின் கணக்கில் அவர் வாடிக்கையாளரே அல்லர். பதிவுதாரர் தீய எண்ணம் இல்லாதவராக இருந்தாலும் முடிவு மாறுவதில்லை. தம் பெயரில் அறியாத எண் இருப்பதைக் கண்டு அவர் புகார் அளித்தால் இணைப்பு துண்டிக்கப்படும். குறைந்தது 90 நாள் கழிந்தபின் அதே எண் முன்பின் அறியாத ஒருவருக்கு ஒதுக்கப்படலாம். பழைய கணக்குகளின் ஓடிபி அவரிடம் போய்ச் சேரும்.

சட்டத்தின் பிடியும் சிறிதன்று. தொலைத்தொடர்புச் சட்டம் 2023இன் 42ஆம் பிரிவு 2024 ஜூன் 26இல் நடைமுறைக்கு வந்தது. மோசடியாலோ ஆள்மாறாட்டத்தாலோ சிம் அட்டை பெறுவோருக்கு அது மூன்றாண்டு வரை சிறையோ, 50 லட்சம் ரூபாய் வரை அபராதமோ, இரண்டுமோ விதிக்கிறது. அறியாமல் வாங்கியவர் நீதிமன்றத்தில் தம் நிலையை விளக்கலாம். ஆனால் விசாரணை அவரை எட்டுவது அதற்கு வெகு முன்னரே: எண்ணோடு கைபேசியின் அடையாள எண்ணான ஐஎம்இஐயும் அலைபேசிக் கோபுரப் பதிவும் பிணைந்திருக்கின்றன. அந்த எண்ணில் முன்பே மோசடி நடந்திருந்தால் அதன் சுமையும் இப்போது வைத்திருப்பவர் மேல் விழும். இத்தகைய அட்டைகள் கம்போடியாவின் மோசடிக் கூடங்கள் வரை கடத்தப்பட்டுள்ள நிலையில் இது வெறும் அச்சமன்று. காவலர்கள் முதலில் தட்டுவது பெயருக்குரியவரின் கதவை என்பதும் மறக்கத்தக்கதன்று. ஒரு விற்பனையில் இரு குடும்பங்கள் சிக்குகின்றன.

வாங்குவோரெல்லாம் குற்றவாளிகள் என்ற கருத்து ஏற்கத்தக்கதன்று. ஊர்விட்டு ஊர் வந்த தொழிலாளர் பலர் உள்ளூர் முகவரி இல்லாவிட்டால் இணைப்பே கிடைக்காது என நம்புகின்றனர். சொந்த ஊர் முகவரி கொண்ட ஆதாரைக் காட்டியே முறையான அட்டை பெறலாம் என்பதை முகவர்கள் எடுத்துச் சொல்வதில்லை. முதற்பொறுப்பு விற்பவரிடமே உள்ளது.

தம் பெயரிலுள்ள எண்களைச் சரிபார்க்க 2023 மே மாதம் தொடங்கப்பட்ட சஞ்சார் சாத்தி தளம் உதவுகிறது. முன்பதிவான அட்டையை வைத்திருப்பவருக்கோ அதனால் பயன் குறைவு. அவர் கையிலுள்ள எண் அவர் பெயரில் தென்படாது. பதிவுதாரரின் இசைவின்றிப் பெயர் மாற்றமும் இயலாது. எஞ்சும் வழி, சொந்தச் சான்றில் புதிய எண் பெற்று, பழைய எண் துண்டிக்கப்படும் முன் வங்கி முதலிய கணக்குகளை அதற்கு மாற்றுவதே. 2025 அக்டோபரில் திருத்தப்பட்ட தொலைத்தொடர்பு இணையப் பாதுகாப்பு விதிகள், ஓர் எண் அதைத் தரும் வாடிக்கையாளருக்கே உரியதா என்று வங்கி முதலிய நிறுவனங்கள் சரிபார்க்க வகை செய்கின்றன. அந்த ஏற்பாடு பரவும்போது, இதுவரை மறைந்திருந்த பெயர் முரண் வங்கி மேசையிலேயே வெளிப்படும்.